கத்தார்: எந்த அழுத்தம் எதை அசைத்தது?

2010 டிசம்பர் 2 அன்று 2022 உலகக் கோப்பைக் கால்பந்தைக் கத்தாருக்கு ஃபிஃபா கொடுத்தது. அன்றைக்கு அங்கே நடப்பில் இருந்தது 2009ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டம். அதன்படி வெளிநாட்டுத் தொழிலாளி வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமானால் கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி, என்.ஓ.சி. என்கிற ஆட்சேபமில்லைச் சான்று தரவேண்டும். ஊருக்குப் போவதற்கும் கஃபீல்தான் எக்ஸிட் பெர்மிட், அதாவது நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி, எடுத்துத் தரவேண்டும். அது இல்லாவிட்டால் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தாலும் தோஹா விமான நிலையத்தில் குடியேற்ற கவுன்ட்டரைத் தாண்ட முடியாது. என்.ஓ.சி. தராமல் அனுப்பிவிட்டால் இரண்டு வருடத்துக்குத் திரும்பி வந்து வேலை பார்க்கவும் வழியில்லை. அடுத்த பத்தாண்டுக்குள் இவை மூன்றும் பெரும்பாலானவர்களுக்குச் சட்டத்திலிருந்து நீங்கிவிட்டன.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. எல்லாம் வெள்ளையடிப்பு, ஒன்றுமே மாறவில்லை என்பது ஒன்று. வளைகுடாவுக்கே முன்மாதிரி என்பது இன்னொன்று. இரண்டுமே தேதிகளைப் பார்க்காமல் பேசுகிற பேச்சு. எந்தச் சட்டம் எந்த மாதம் வந்தது, அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் கத்தாருக்கு என்ன கெடு இருந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு படம் கிடைக்கும். தேதியும் கோப்பும் கொண்டு வந்த அழுத்தம் சட்டத்தை அசைத்திருக்கிறது. வெட்கப்பட வைக்கும் அழுத்தம் அறிக்கைகளை மட்டும் வரவழைத்திருக்கிறது. இரண்டுமே தொடாத இடங்களும் உண்டு. அங்கேதான் இன்றும் தொழிலாளி மாட்டிக்கொள்கிறான்.

முதலில் கஃபாலாவின், அதாவது தொழிலாளியைக் கஃபீலோடு கட்டிப்போடும் முறையின், பிடி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லவேண்டும். எக்ஸிட் பெர்மிட்டையும் என்.ஓ.சி.யையும் பற்றி உலகமே எழுதியது. ஆனால் அன்றாடம் கழுத்தைப் பிடிப்பது குடியிருப்பு அனுமதி. கத்தார் ஐடியை எடுப்பதும் புதுப்பிப்பதும் முதலாளியின் பொறுப்பு. கம்பெனிக்காக அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் ஆளான மந்தூப் பணம் கட்டாமல் விட்டால் ஐடி காலாவதியாகிறது. கம்பெனியின் கணக்கை அரசு முடக்கினாலும் அதே கதிதான். ஐடி செத்துப்போனவன் தெருவில் சோதனையில் மாட்டினால் பிடிபடுவது அவன்தான், கம்பெனி இல்லை. ஆஸ்பத்திரி, வங்கி, ஊருக்குப் பணம் அனுப்புதல் எல்லாமே அந்த அட்டையில்தான் நடக்கிறது.

அடுத்தது ஓடிப்போனதாகக் கொடுக்கும் புகார். வேலையை விட்டுப் போனவரைப் பற்றி 14 நாளுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் 21ஆம் எண் சட்டம் முதலாளிக்குக் கடமையே விதிக்கிறது. சம்பளம் வரவில்லை என்று ஒருவர் தொழிலாளர் துறைக்குப் போனதும், அவர் ஓடிவிட்டார் என்று கம்பெனி புகார் கொடுப்பது பழைய தந்திரம். அந்தப் புகார் பொய் என்று நிரூபிக்கும் வரை அவர் நாடுகடத்தப்படக்கூடியவர்.

பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதும் அப்படித்தான். பிடித்து வைத்தால் 25,000 ரியால் வரை அபராதம் என்று அதே 2015 சட்டம் சொல்கிறது. ஆனால் தொழிலாளி எழுத்தில் கேட்டுக்கொண்டால் முதலாளி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விலக்கும் கூடவே இருக்கிறது. சேர்ந்த முதல் நாள் நீட்டுகிற பத்துக் காகிதங்களோடு அதையும் சேர்த்துக் கையெழுத்து வாங்க எவ்வளவு நேரமாகும்? புரியாத மொழியில் இருந்தால் இன்னும் சுலபம்.

சரி, தேதிகளுக்கு வருவோம். 2013 செப்டம்பரில் நேபாளத் தொழிலாளர்களின் சாவுகளைப் பற்றி கார்டியன் பத்திரிகை எழுதியது. அதே ஆண்டு மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டியின் அறிக்கையும் வந்தது. உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் அன்றைய பொதுச் செயலாளர் ஷரன் பரோ போகிற இடமெல்லாம் கத்தாரைப் பற்றிப் பேசினார். கத்தார் அரசே டிஎல்ஏ பைப்பர் என்ற சட்ட நிறுவனத்தை அமர்த்தி ஓர் ஆய்வு செய்யச் சொன்னது. 2014இல் வந்த அந்த அறிக்கை அறுபதுக்கும் மேற்பட்ட பரிந்துரைகளைக் கொடுத்தது. உலகக் கோப்பை ஏற்பாட்டுக் குழுவான சுப்ரீம் கமிட்டி தன் ஒப்பந்ததாரர்களுக்குத் தொழிலாளர் நலத் தரநிலைகளை வெளியிட்டது. எல்லாம் நடந்தும் 2015 கடைசியில் வந்த 21ஆம் எண் சட்டத்தில் வெளியேற அனுமதி அப்படியே இருந்தது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலை மாற முதலாளியின் சம்மதமும் அப்படியே. இரண்டு வருடத் தலைப்புச் செய்திகளின் பலன் அவ்வளவுதான்.

இதற்கிடையே அதிகம் பேர் கவனிக்காத ஒரு வேலை ஜெனீவாவில் நடந்துகொண்டிருந்தது. 2014 ஜூனில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின், அதாவது ஐ.எல்.ஓ.வின், 103ஆவது மாநாட்டுக்கு வந்திருந்த தொழிலாளர் பிரதிநிதிகள் 12 பேர் கத்தார் மீது ஒரு புகார் கொடுத்தார்கள். அமைப்பின் சாசனத்தில் உள்ள 26ஆவது பிரிவின் கீழ் கொடுத்த புகார் அது. கட்டாய உழைப்பு பற்றிய 29ஆம் உடன்படிக்கையையும் தொழிலாளர் ஆய்வு பற்றிய 81ஆம் உடன்படிக்கையையும் கத்தார் ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கிறது, ஆனால் கடைப்பிடிக்கவில்லை என்பது அதன் சாரம்.

இந்த 26ஆவது பிரிவு ஏன் முக்கியம்? இதன் கீழ் வந்த புகாரை ஐ.எல்.ஓ.வின் ஆட்சிக்குழு ஏற்றால் விசாரணை ஆணையம் அமைக்கலாம். நூறாண்டு வரலாற்றில் அப்படி அமைந்த ஆணையங்கள் பதினைந்தைத் தாண்டவில்லை. 1997இல் மியான்மருக்கு அமைந்தது, அதே 29ஆம் உடன்படிக்கைக்காகத்தான். அதன் முடிவில் 2000ஆம் ஆண்டு, மியான்மருடனான உறவைப் பரிசீலிக்கும்படி உறுப்பு நாடுகளையே ஐ.எல்.ஓ. கேட்டுக்கொண்டது. உலகக் கோப்பை நடத்தப் போகிற, உலகெங்கும் முதலீடு வைத்திருக்கிற நாட்டுக்கு அந்தப் பட்டியலில் தன் பெயர் ஏறுவது எப்படி இருக்கும்? ஒரு பத்திரிகைக் கட்டுரைக்கு மறுப்பு அறிக்கை விட்டு வாயை அடைக்கலாம். ஆட்சிக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தன் பெயர் வருவதை அப்படி அடைக்க முடியாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் எதையாவது செய்து காட்டவேண்டும்.

2016 மார்ச்சில் ஐ.எல்.ஓ.வின் உயர்நிலைக் குழு தோஹாவுக்குப் போய் வந்தது. ஆட்சிக்குழு ஓராண்டு அவகாசம் கொடுத்தது. 2017 மார்ச்சில் முடிவை நவம்பருக்குத் தள்ளியது. அந்த இடைவெளியில், 2017 ஜூன் 5 அன்று, சவூதியும் அமீரகமும் பஹ்ரைனும் எகிப்தும் கத்தாரின் நில, வான், கடல் வழிகளை அடைத்தன. அக்கம்பக்கத்துச் சகோதரர்கள் கைவிட்ட அந்த நேரத்தில் கத்தாருக்கு ஐரோப்பாவிலும் ஜெனீவாவிலும் நண்பர்கள் தேவைப்பட்டார்கள். ஆகஸ்டில் இரண்டு சட்டங்கள் வருகின்றன: தொழிலாளர் தகராறுக் குழுக்களை அமைத்த 13ஆம் எண், வீட்டு வேலைக்காரர்களுக்கான 15ஆம் எண். இலையுதிர் காலத்தில் ஐ.எல்.ஓ.வுடன் மூன்றாண்டுத் தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம், செலவு 2.5 கோடி டாலர், கொடுப்பது கத்தார். நவம்பரில் புகார் முடித்துவைக்கப்படுகிறது. 2018 ஏப்ரல் கடைசியில் தோஹாவில் ஐ.எல்.ஓ. அலுவலகம் திறக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு எக்ஸிட் பெர்மிட் நீங்குகிறது. 2020 ஜனவரியில் வீட்டு வேலைக்காரர்களுக்கும் நீங்குகிறது. 2020 ஆகஸ்டு கடைசியில் என்.ஓ.சி.யும் போகிறது, குறைந்தபட்சச் சம்பளமும் அறிவிக்கப்படுகிறது.

தான் யாரைக் கண்காணிக்கிறதோ அவர்களிடமே பணம் வாங்கி ஐ.எல்.ஓ. அலுவலகம் நடத்துவது சரியா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். புகார் மேசையில் இருந்தவரை ஐ.எல்.ஓ.வின் குரல் ஒரு மாதிரி இருந்தது, அலுவலகம் திறந்த பிறகு வேறு மாதிரி ஆனது என்பதை அறிக்கைகளை வரிசையாகப் படிக்கிற எவரும் கவனிக்கலாம். ஆனாலும் அந்த அலுவலகம் வெளியிட்ட எண்கள் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதியை எழுத முடியாது.

குறைந்தபட்சச் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச் 20 முதல், மாதத்துக்கு 1,000 ரியால். கம்பெனி தங்க இடம் தராவிட்டால் கூடுதலாக 500, சாப்பாடு தராவிட்டால் 300. வீட்டு வேலைக்காரர் உட்பட, எந்த நாட்டுக்காரரானாலும் ஒரே தொகை. இதனால் அடிப்படைச் சம்பளம் உயர்ந்தவர்கள் 2,80,000 பேர், மொத்தத் தொழிலாளர்களில் 13 சதவீதம் என்கிறது ஐ.எல்.ஓ. ஆயிரம் ரியால் என்பது ஏறத்தாழ 275 டாலர். இதே காலத்தில் நம்மூர் அரசு என்ன செய்தது தெரியுமா? 2020 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் கத்தாருக்குப் போகும் தொழிலாளர்களுக்கான பரிந்துரைச் சம்பளத்தை 200 டாலராகக் குறைத்தது. கொரோனாவில் வேலை போய்விடக்கூடாது என்பது சொன்ன காரணம். கத்தார் தன் கீழ்வரம்பை ஏற்றுகிறபோது இந்தியா தன் மக்களின் விலையை இறக்கியது. தெலங்கானாவிலிருந்து வழக்கும் எதிர்ப்பும் கிளம்பி, 2021 ஜூலையில்தான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

ஆயிரம் ரியாலின் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். முப்பது நாளால், பிறகு எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 4.17 ரியால். ஓவர்டைமுக்கு 25 சதவீதம் கூட, ஆக 5.21. சட்டப்படி ஓவர்டைம் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்தான். 26 நாள் இரண்டிரண்டு மணி நேரம் செய்தால் 271 ரியால் வரும். கம்பெனிகள் திருடுவது பெரும்பாலும் இந்த 271ஐத்தான். பன்னிரண்டு மணி நேர ஷிப்டைப் போட்டு, மொத்தமாக இவ்வளவு என்று ஒரு தொகை பேசி, அதற்குள் ஓவர்டைம் அடங்கிவிட்டது என்பார்கள். செக்யூரிட்டி வேலையில் இது வழக்கம். வாரம் ஏழு நாளும் பன்னிரண்டு மணி நேரம், அதாவது 84 மணி நேரம் நின்ற காவலாளிகளை 2022 ஏப்ரலில் ஆம்னெஸ்டி பதிவு செய்தது. சட்டத்தின் உச்சவரம்பு 60.

சம்பளத்தை வங்கி வழியாகத்தான் போடவேண்டும் என்ற சம்பளப் பாதுகாப்பு முறை 2015இல் வந்தது. தேதியிலிருந்து ஏழு நாளுக்குள் பணம் ஏறாவிட்டால் அரசின் கணினி காட்டிக்கொடுக்கும். நல்ல ஏற்பாடு. அதன் கண்ணுக்குத் தெரியாதவை மூன்று. ஒப்பந்தத்தில் 1,800 என்று ஊரில் சொல்லி, அங்கே பதிவான ஒப்பந்தத்தில் 1,000 போட்டிருந்தால் கணினிக்கு 1,000 ஏறினாலே போதும். ஓவர்டைம் நேரத்தைக் கம்பெனி எவ்வளவு எழுதுகிறதோ அதுதான் கணக்கு. ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் கேம்ப் பொறுப்பாளரின் மேசையில் இருந்தால் பணம் ஏறியதும் பாதி இறங்கிவிடும். கணினிக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

பணம் வராவிட்டால் என்ன வழி? தொழிலாளர் அமைச்சகத்தின் இணையதளத்திலோ நேரிலோ புகார் கொடுக்கவேண்டும். துறை ஏழு நாளுக்குள் இருதரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசும். ஒத்துவராவிட்டால் நீதிபதி தலைமையிலான தகராறுக் குழுவுக்குப் போகும். அது முதல் அமர்விலிருந்து மூன்று வாரத்துக்குள் தீர்ப்பு சொல்லவேண்டும். தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீட்டுக்கு 15 நாள். 2021 அக்டோபர் தொடங்கிய ஓராண்டில் 34,425 புகார்கள் வந்தன. மூன்றில் இரண்டு பங்கு சமரசத்தில் முடிந்தன. சம்பளப் பாக்கியும் கடைசிச் செட்டில்மென்ட்டும்தான் முக்கியக் காரணங்கள்.

காகிதத்தில் இது அழகு. நடைமுறையில் முதலில் சறுக்குவது சமரச அறையில். 4,000 ரியால் வரவேண்டியவரிடம் 2,000 இப்போதே தருகிறேன், டிக்கெட்டும் தருகிறேன் என்பார் மந்தூப். மூன்று மாதம் சம்பளமில்லாமல் கேம்ப் மெஸ்ஸில் கடன் வைத்திருப்பவர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். புள்ளிவிவரத்தில் அதுவும் ஒரு வெற்றிகரமான சமரசம். அடுத்துக் கால அளவு. குழுவின் மூன்று வாரக் கெடு முதல் அமர்விலிருந்துதான் தொடங்குகிறது, கம்பெனி ஆள் வராமல் தள்ளிப்போடுவது சுலபம். தீர்ப்பு கிடைத்தாலும் கம்பெனியின் வங்கிக் கணக்கில் ஒன்றும் இல்லாவிட்டால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்காகத்தான் 2018ஆம் ஆண்டின் 17ஆம் எண் சட்டப்படி தொழிலாளர் ஆதரவு, காப்பீட்டு நிதியம் அமைந்தது. கம்பெனி கொடுக்காததை நிதியம் கொடுத்துவிட்டுக் கம்பெனியிடம் வசூலித்துக்கொள்ளும். தாமதமாகத்தான் ஓடத் தொடங்கியது. ஆனால் 2022 செப்டம்பர் வரை சுமார் 32 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. வளைகுடாவில் தொழிலாளி கையில் உண்மையாகவே பணம் சேர்த்த ஏற்பாடு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஊருக்குத் திரும்பிவிட்டவருக்கு இந்த வழியெல்லாம் மிகக் குறுகல். ஒப்பந்தம் முடிந்து ஓராண்டுக்குள் கேட்காவிட்டால் உரிமையே காலாவதி. அங்கே இருக்கும் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி, சான்றொப்பம் வாங்கி அனுப்பவேண்டும். ராமநாதபுரத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ அதைச் செய்து முடிப்பதற்குள் ஓராண்டு ஓடிவிடும். ஆகவே கையில் இருக்கவேண்டியவை: கத்தார் ஐடியின் இரண்டு பக்கப் படம், ஒப்பந்தத்தின் படம், வங்கிக் கணக்கின் மாதப் பட்டியல், வேலை செய்த நேரத்தைத் தேதியோடு எழுதிய ஒரு நோட்டு. கம்பெனியின் வருகைப் பதிவேடு எப்போதும் கம்பெனியின் பக்கம்தான் பேசும்.

வெயில் விஷயத்தில் கத்தார் செய்தது பக்கத்து நாடுகளைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2007 விதிப்படி ஜூன் 15 முதல் ஆகஸ்டு 31 வரை, பகல் 11.30 முதல் 3 மணி வரை வெளிவேலை கூடாது. கடிகாரத்தை மட்டும் பார்த்த விதி அது. தோஹா கடற்கரை ஊர். செப்டம்பரில் சூடு சற்றுக் குறைந்தாலும் காற்றில் ஈரம் ஏறிவிடும், வேர்வை காயாது, உடல் குளிராது. கிரேக்க நாட்டு தெசலி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கட்டுமான இடங்களிலேயே தொழிலாளர்களின் உடல் வெப்பத்தை அளந்து காட்டிய பிறகு, 2021இல் புதிய விதி வந்தது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் 3.30 வரை தடை. அதோடு வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்தவேண்டும். வெப்பத்தால் பாதிக்கப்பட்டுச் செம்பிறைச் சங்கத்தின் நான்கு கிளினிக்குகளுக்கு வந்தவர்கள் 2020 கோடையில் 1,520, 2021இல் 620, 2022இல் 351. பெரிய தளங்களில் அந்தக் கருவி இருக்கிறது. சிறிய சப்ளை கம்பெனி ஆளை வாடகைக்கு அனுப்பும் தளத்தில் ஃபோர்மேனின் கடிகாரம்தான் இன்னும் கருவி.

இனிமேல் சொல்லப்போவது எந்த அழுத்தமும் அசைக்காத இடம். 2021 பிப்ரவரியில் கார்டியன் வெளியிட்ட 6,500 சாவுகள் என்ற எண் எல்லோருக்கும் தெரியும். இந்தியர் 2,711, நேபாளியர் 1,641, வங்கதேசத்தவர் 1,018, பாகிஸ்தானியர் 824, இலங்கையர் 557. பத்தாண்டில் இந்த ஐந்து நாட்டவரில் எல்லாத் தொழிலும் எல்லாக் காரணமும் சேர்ந்த கணக்கு அது. அத்தனை பேரும் மைதானம் கட்டிச் செத்தவர்கள் என்று பரப்பியவர்கள் கத்தாருக்கு உதவியே செய்தார்கள். தவறை மறுப்பது சுலபமாகிவிட்டது. மைதானங்களில் வேலை தொடர்பான சாவு 3, மற்றவை 37 என்றது சுப்ரீம் கமிட்டி. அதன் பொதுச் செயலாளர் ஹசன் அல் தவாதி 2022 நவம்பரில் ஒரு பேட்டியில் 400க்கும் 500க்கும் இடையில் என்றார்; பிறகு கமிட்டி, அது 2014 முதல் 2020 வரை நாடு முழுதும் எல்லாத் துறையிலும் நடந்த 414 வேலைச் சாவுகளைக் குறிக்கிறது என்று விளக்கம் சொன்னது. 2020 ஒரே ஆண்டில் வேலையிடத்தில் 50 சாவு, 506 கடுங்காயம் என்று ஐ.எல்.ஓ. எண்ணியது.

இந்த எண்கள் ஒன்றோடொன்று மோதுவதற்குக் காரணம் எளிது. சாவுச் சான்றிதழில் காரணம் இல்லை. இருபத்தெட்டு, முப்பது வயதுக்காரர் இரவில் கேம்ப் கட்டிலில் படுத்து எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு, மூச்சு நின்றது, இயற்கை மரணம் என்று எழுதப்படுகிறது. இதயம் நின்றதும் மூச்சு நின்றதும் எல்லாச் சாவிலும் நடப்பவை. அவை காரணம் ஆகா. இந்தியர்களின் சாவுகளில் எண்பது சதவீதம் இயற்கை என்ற தலைப்பின் கீழ்தான் இருந்தன. 2012ஆம் ஆண்டின் 2ஆம் எண் சட்டப்படி குற்றமோ முன்நோயோ சந்தேகிக்கப்பட்டால்தான் பிரேதப் பரிசோதனை. அந்தச் சட்டத்தைத் திருத்துங்கள், மாரடைப்புச் சாவுகளை ஆய்வு செய்யுங்கள் என்று 2014லேயே டிஎல்ஏ பைப்பர் கத்தாரிடம் சொன்னது. அரசே காசு கொடுத்து வாங்கிய பரிந்துரை. அது அலமாரியிலேயே இருந்தது. நேபாளத் தொழிலாளர்களில் 2009 முதல் 2017 வரை நடந்த 571 இதயச் சாவுகளில் 200 வரை, வெப்பத்திலிருந்து பாதுகாத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று 2019இல் இதயநோய் மருத்துவர்களும் காலநிலை ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதினார்கள்.

இயற்கை மரணம் என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் பணக் கணக்கு இருக்கிறது. வேலையால் நேர்ந்த சாவென்றால் கத்தார் சட்டப்படி குடும்பத்துக்கு 2 லட்சம் ரியால். இயற்கை என்றால் பாக்கிச் சம்பளமும், வருடத்துக்கு மூன்று வாரச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் மட்டும். ஆயிரம் ரியால்காரருக்கு அது வருடத்துக்கு 700 ரியால். இந்தியாவின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் விபத்துச் சாவுக்குத்தான் 10 லட்சம் ரூபாய் தருகிறது. ஆக தோஹா ஆஸ்பத்திரியில் எழுதிய ஒரு வரி இரண்டு நாட்டிலும் கதவை மூடிவிடுகிறது. எட்டு வருடம் உலகம் முழுக்கக் கூச்சல் கேட்டும், இந்த வரியைத் திறக்கும் ஒரு சட்டத் திருத்தம் வரவில்லை. ஐ.எல்.ஓ. புகாரில் இது இல்லை, அதனால் கெடுவும் இல்லை.

அழுத்தம் எட்டாத இன்னொன்று ஏஜென்ட் கடன். கத்தார் சட்டத்தின் 33ஆவது பிரிவு தொழிலாளியிடம் ஆட்சேர்ப்புக் கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது. இந்தியச் சட்டப்படி பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்கலாம். நேபாளம் 2015இல் விசாவும் டிக்கெட்டும் இலவசம் என்று அறிவித்து 10,000 நேபாள ரூபாய் வரம்பு வைத்தது. மூன்றும் ஊரில் இருக்கிற சப்-ஏஜென்ட்டைத் தொடுவதில்லை. அவர் ரசீது தருவதில்லை. ஒன்றரை லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால் மாதம் 4,500 ரூபாய் வட்டிக்கே போகும். 1,000 ரியால் சம்பளக்காரருக்கு அது சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இந்தக் கடன் இருக்கிறவரை என்.ஓ.சி. வேண்டாம் என்ற சட்டம் அவருக்குப் பாதி உபயோகம்தான். புது வேலை கிடைக்காமல் ஒரு மாதம் காலியாக இருக்க அவரால் முடியாது. சென்னையிலும் கொழும்பிலும் திறந்த கத்தார் விசா மையங்களில் தொழிலாளி தன் மொழியில் ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்திடலாம். அதற்கு முன்பே பணம் கைமாறிவிடுகிறது. சுப்ரீம் கமிட்டி மட்டும் தன் ஒப்பந்ததாரர்களிடம் பேசி, சுமார் 49,000 தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ 2.8 கோடி டாலரைத் திருப்பித்தர வைத்தது. ரசீது கேட்காமல் கொடுத்தது, அதனால் வேலை செய்தது. நாட்டில் இருந்தவர்களோ இருபது லட்சம்.

வீட்டு வேலைக்காரப் பெண்களைப் பற்றி இரண்டே வரி. 2017 சட்டம் பத்து மணி நேரம், வாரம் ஒருநாள் ஓய்வு என்கிறது, ஆனால் சம்பளப் பாதுகாப்பு முறை அவர்களுக்கு இல்லை. எக்ஸிட் பெர்மிட் நீங்கினாலும் 72 மணி நேரத்துக்கு முன் முதலாளிக்குச் சொல்லவேண்டும், பாஸ்போர்ட்டும் போனும் எஜமானியிடம் இருக்கும்போது.

சங்கம் வைக்கும் உரிமை கத்தார்க் குடிமக்களுக்கு மட்டும் என்கிற 116ஆவது பிரிவு இன்றும் அப்படியே. அதற்குப் பதிலாகக் கம்பெனிக்குள் கூட்டுக் குழுக்கள் வந்தன. பிரதிநிதிகள் தேர்தலும் நடந்தது. 2022 ஆகஸ்டில் பல மாதச் சம்பளம் கேட்டு தோஹாவில் ஒரு கம்பெனி முன் கூடியவர்களில் குறைந்தது 60 பேர் பிடிக்கப்பட்டு, சிலர் நாடுகடத்தப்பட்டார்கள். உலகக் கோப்பைக்கு மூன்று மாதம் இருந்தது அப்போது.

உள்ளூரிலிருந்து எதிர் அழுத்தமும் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். 2021இல் நாட்டின் ஆலோசனை மன்றமான ஷூரா சபை, கம்பெனியின் சம்மதமில்லாமல் வேலை மாறுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும், கம்பெனி இன்னும் எக்ஸிட் பெர்மிட் கேட்கலாம் என்று சட்டம் விட்டுவைத்திருந்த ஊழியர் அளவை 5 சதவீதத்திலிருந்து 10 ஆக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. முதலாளிகளின் கூக்குரல் அது. அரசு சட்டத்தை மாற்றவில்லை, ஆனால் ராஜினாமா கடிதத்தில் முதலாளியின் முத்திரை இருந்தால்தான் மாற்றம் நடக்கும் என்ற வழக்கம் அலுவலகங்களில் பல மாதம் நிலவியது. அப்படி இருந்தும் 2022 ஆகஸ்டு வரை 3 லட்சத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் அனுமதிக்கப்பட்டன.

போட்டி தொடங்கியபோது கேமரா எதைத் தேடியது என்று நினைத்துப் பாருங்கள். பாகுபாட்டை எதிர்த்து ஏழு அணித்தலைவர்கள் அணிய இருந்த கைப்பட்டை, அதற்கு ஃபிஃபா விதித்த தடையை எதிர்த்து ஜெர்மனி வீரர்கள் வாயை மூடிய படம், மைதானத்தில் பீர் கிடையாது என்ற அறிவிப்பு. நவம்பர் 21 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத் துணைத் தலைவர் ஈவா கைலி தொழிலாளர் உரிமையில் கத்தார் முன்னணி என்று சபையில் பேசினார். 24 அன்று சபை கண்டனத் தீர்மானம் போட்டது. டிசம்பர் 9 அன்று பெல்ஜியம் போலீஸ் கைலியைக் கைது செய்தது, கத்தாரிடம் பணம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. அவர் மறுக்கிறார், கத்தாரும் மறுக்கிறது. தீர்மானத்தால் ஒரு தொழிலாளிக்கும் ஒரு ரியாலும் வரவில்லை.

ஆம்னெஸ்டியும் மற்ற அமைப்புகளும் ஃபிஃபாவிடம் கேட்டது 44 கோடி டாலர், போட்டியின் பரிசுத்தொகைக்குச் சமமான தொகை, இறந்தவர் குடும்பத்துக்கும் கட்டணம் கொடுத்து ஏமாந்தவர்களுக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபிஃபா தானே அமர்த்திய ஆய்வின் அறிக்கை வெளிவந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்யும் பொறுப்பு ஃபிஃபாவுக்கும் உண்டு என்று அது சொன்னது. அதற்கு இரண்டு நாள் முன்பே ஃபிஃபா 5 கோடி டாலர் மரபு நிதியை அறிவித்திருந்தது. பணம் உலக சுகாதார அமைப்புக்கும், உலக வர்த்தக அமைப்புக்கும், அகதிகளுக்கான ஐ.நா. ஆணையத்துக்கும். தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்குக்கூட நேரடியாக இல்லை.

அதே 2024 ஜூனில் கட்டுமான, மரத் தொழிலாளர் பன்னாட்டுச் சங்கம் சவூதி அரேபியா மீது ஐ.எல்.ஓ.வில் புகார் கொடுத்திருந்தது. திவாலான இரண்டு கம்பெனிகளில் சம்பளம் வராத 21,000 பேரின் கணக்கும் அதில் உண்டு. 2034 போட்டிக்குச் சவூதியின் விண்ணப்பத்தை ஆராய்ந்த ஃபிஃபா, மனித உரிமை ஆபத்து நடுத்தரம் என்று எழுதி 500க்கு 419.8 மதிப்பெண் போட்டது. பிரேதப் பரிசோதனை, ஏஜென்ட் கட்டணம், வீட்டு வேலைக்காரர், சங்கம் ஆகிய நான்கில் எதற்கும் தேதி குறிக்கப்படவில்லை. டிசம்பர் 11 அன்று இணையவழிக் கூட்டத்தில் 211 சங்கங்களின் தலைவர்களைக் கேமரா முன் கைதட்டச் சொன்னார்கள். நார்வே தன் ஆட்சேபத்தைப் பதிவு செய்தது. மற்றவர்கள் தட்டினார்கள், போட்டி சவூதிக்குப் போனது.